பின்தொடையில் பட்ட கல்

எங்கள் கம்பெனி விளையாட்டு விழாவில் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களுக்கு நூறு மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். எனக்கு அப்போது முப்பத்தொன்பது. பெயர் கொடுக்கச் சொல்லி யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானேதான் போய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நூறு மீட்டரில் மண்டல அளவில் இரண்டாவதாக வந்தவள் நான். அதை என் வீட்டில் யாரும் மறந்துவிடாதபடி இத்தனை வருடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் யாராவது ஓடினால் போதும், "இவ ஸ்டார்ட்டிங்கே சரியில்ல" என்பேன்.

திருவாண்டார்கோயில் பக்கம் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி அது. எனக்குத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. விளக்குக்குக் கீழே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் இருந்தால் சிவப்பு டப்பாவிலும் இல்லாவிட்டால் பச்சை டப்பாவிலும் போடவேண்டும். பதினோரு வருடமாக ஸ்டூலை விட்டு எழாத தொடை என்னுடையது. ஓடுவதற்கு முன்னால் அதனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

என்னோடு ஓடிய ஆறு பேரில் ஒருத்தியை மட்டும்தான் நான் போட்டி என்று நினைத்தேன். அவள் பேக்கிங் பிரிவில் வேலை செய்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், நல்ல உயரம், அட்டைப் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு. நெட்டப்பாக்கம் பக்கத்தில் என் ஊருக்கு அடுத்த ஊர் அவளுடையது. இருவரும் ஒரே கம்பெனி வேனில்தான் வருவோம். ஆனால் மூன்று மாதமாகப் பேச்சு இல்லை. வேனில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட் எனக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஏறுகிறவர்களுக்கு என்று அவள் நினைத்தாள். அவள் ஊர் ஒரு ஸ்டாப் முன்னால் இருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஓட்டம். வெஜிடபிள் பிரியாணி, தயிர்ப் பச்சடி, ஒரு குலோப்ஜாமூன். குலோப்ஜாமூனை நான் இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். விசில் ஊதுவதற்காக வெளியிலிருந்து ஒரு பி.டி. மாஸ்டரை வரவழைத்திருந்தார்கள். அவர், "எல்லாரும் அஞ்சு நிமிஷம் குதிங்க, காலை நீட்டி மடக்குங்க, ஒடம்பு சூடாவட்டும்" என்று கெஞ்சிப் பார்த்தார். பேக்கிங்காரி ஒழுங்காகக் குதித்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மண்டலத்தில் இரண்டாவதாக வந்தவள் இதையெல்லாம் செய்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

விசில் ஊதினார். உண்மையைச் சொல்கிறேன், முதல் அறுபது மீட்டர் நான் பறந்தேன். துப்பட்டாவைக் குறுக்கே கட்டியிருந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டிருந்தேன், முன்னால் ஒருவரும் இல்லை. ஷாமியானாவில் இருந்தவர்கள் கத்தியது கேட்டது. பின்னால் பேக்கிங்காரியின் மூச்சு மட்டும் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் எட்டி வைக்கலாம் என்று வலது காலை நீட்டிப் போட்டேன்.

'டப்' என்று ஒரு சத்தம். வலது தொடைக்குப் பின்னால், உட்காரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, யாரோ கருங்கல்லால் ஓங்கி அடித்தது போல் இருந்தது. அப்படியே குப்புற விழுந்தேன்.

வாயில் மண்ணோடு தலையைத் திருப்பிப் பார்த்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு பேக்கிங்காரி ஓடினாள். கோட்டைத் தொட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"கல்லால அடிச்சிட்டா! அவதான்! கல்லால அடிச்சிட்டு ஓடறா பாருங்க!" என்று கத்தினேன்.

அவள் கையை இறக்காமலே திரும்பினாள். "இன்னாது?"

"கல்லால அடிச்சியேடி!"

"நானா? எதுக்கு?"

"சீட்டுக்குத்தான்!"

ஓடிக்கொண்டிருக்கும்போதே குனிந்து கல்லை எடுத்து, குறி பார்த்து எறிந்து, அதற்குப் பிறகு எறியப்பட்டவளையும் தாண்டி முதலாவதாக வருவதற்கு ஒரு மனுஷியால் முடியுமா என்று அந்த மைதானத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு வலி. மற்றவர்களுக்கு மூன்று மாதச் சண்டை தெரியும். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பாதிப் பேர் என்னைத் தூக்கினார்கள். மீதிப் பேர் கல்லைத் தேடினார்கள். கிடைக்காமல் இருக்குமா? "தோ கெடச்சிருச்சு! எம்மாம் பெருசு பாருங்க!" என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் 'ஐயோ' என்றது. அந்தக் கல்லைப் பார்த்ததும் என் வலி ஒரு மடங்கு கூடியது.

மனிதவளப் பிரிவு அதிகாரி வயதில் சின்னவர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எல்லாவற்றையும் முறைப்படி செய்யவேண்டும் என்பார். கல்லைக் கையால் தொடாமல் கைக்குட்டையால் வாங்கினார். எதில் போடுவது என்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் பிரிவுப் பெண் ஒருத்தி ஓடிப்போய் மூடிகளின் மாதிரிகளைப் போட்டு வைக்கிற ஜிப் கவரைக் கொண்டுவந்தாள். அதில் ஒட்ட வேண்டிய லேபிளையும் கொண்டுவந்தாள். 'பொருள்: கல். எண்ணிக்கை: 1. நிலை: ஆய்வில்.' முதல் பரிசாக வைத்திருந்த ஹாட் பாக்ஸை, விசாரணை முடியும்வரை யாருக்கும் கொடுப்பதில்லை என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள்.

பேக்கிங்காரி செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார், காய்கறி லோடு அடிக்கிற சின்ன வண்டி. போன் போனதும் வந்துவிட்டார். முன் சீட்டில் என்னை உட்காரவைத்தார்கள். உட்கார்ந்த வேகத்தில் நான் எழுப்பிய சத்தத்தில் மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். உட்காரவே முடியவில்லை. கடைசியில் வண்டியின் பின்பக்கம் தார்ப்பாயை விரித்து, குப்புறப் படுக்கவைத்து, மண்ணும் கோபமுமாக இருந்த என் முகத்துக்குக் கீழே ஒரு காலிச் சாக்கை மடித்து வைத்தார்கள். ஊர் வரைக்கும் அப்படியே போனேன். ரயில்வே கேட்டில் நின்றபோது பக்கத்தில் பைக்கில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, ஆளையும் லோடு அடிக்கறீங்களா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர், "ஓட்டப் பந்தயம்" என்றார்.

டாக்டரிடம் உடனே போயிருக்கவேண்டும். போகவில்லை. அடுத்த வீட்டில் இருக்கிற என் நாத்தனாருக்கு எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான், சூடான நல்லெண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது. "கல்லடின்னா ரத்தம் கட்டிக்கும். கலைக்கணும்" என்று முழங்கையை வைத்து அழுத்தினார். நான் தலையணையைக் கடித்தேன். என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் பின்தொடை முழுக்கக் கறுத்து நீலம் பாரித்திருந்தது. நாத்தனாருக்கு ஏகப்பட்ட திருப்தி. "பாத்தியா, கல்லடியேதான்!" என்று தெருப் பெண்களைக் கூப்பிட்டார். ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, நாலைந்து பேராக உள்ளே விட்டார். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டு, பேக்கிங்காரியின் கை விளங்காமல் போக வேண்டும் என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஆரஞ்சுப் பழம் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. கல்யாணமாகி வந்த நாளுக்குப் பிறகு அந்தத் தெருவில் என்னை இவ்வளவு பேர் பார்க்க வந்தது அப்போதுதான். அன்றைக்கு எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மனிதவள அதிகாரி போன் செய்தார். "மேடம், காயத்தோட போட்டோ ஒண்ணு வாட்ஸப்ல அனுப்புங்க. ஃபைல்ல வைக்கணும்."

"எதுக்கு சார்?"

"ஆதாரம் மேடம். கிளியரா இருக்கணும். எந்த எடம்னு தெரியற மாதிரி."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் போனைக் கையிலிருந்து வாங்கி, "சார், எந்த எடம்னு நான் நேர்ல வந்து சொல்றேன், எழுதிக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் அந்தக் கறுப்பு இடம் மாறியது. தொடையிலிருந்து இறங்கி முழங்காலுக்குப் பின்னால் வந்து, கெண்டைக்காலை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்து நாத்தனாரே பயந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவரையும் கூட்டிக்கொண்டு வில்லியனூருக்கு, எலும்பு டாக்டரிடம் போனோம், மறுபடியும் தார்ப்பாயில் படுத்து.

டாக்டர் வயதானவர். என்னைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கச் சொல்லி, குதிகாலைப் பிடித்துக்கொண்டார். மடக்க முடியவில்லை. தொடையின் மேல்பக்கம் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அலறினேன்.

"எப்படி ஆச்சு?"

"கல்லால அடிச்சிட்டாங்க சார்."

"ஓடும்போதா?"

"ஆமா சார். டப்புனு."

"திரும்பிப் பாத்தீங்களா, யாரு அடிச்சாங்கன்னு?"

"பாத்தேன் சார்."

அவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "ஓடறப்போ இது கிழிஞ்சா எல்லாரும் திரும்பித்தாம்மா பாப்பாங்க. பின்னாலேந்து எவனோ ஒதைச்சான்னு சண்டைக்குப் போனவனயெல்லாம் நான் பாத்திருக்கேன். யாரும் அடிக்கல. உங்க தசை கிழிஞ்சிருக்கு. ஹாம்ஸ்ட்ரிங்."

"கல்லு கெடச்சிருக்கு சார். கவர்ல போட்டு வச்சிருக்காங்க."

"கிரவுண்டுல தேடுனா கல்லு கெடைக்காம தங்கமா கெடைக்கும்?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். இடுப்பெலும்பின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரைக்கும் பின்பக்கம் கயிறு மாதிரி தசை ஓடுகிறதாம். வேகமாக ஓடும்போது காலை எட்டிப் போட்டால் அது முழு நீளத்துக்கு இழுபடும். பழக்கம் விட்டுப்போன உடம்பு, வயிறு நிறையச் சாப்பாடு, சூடாகாத தசை. நல்லவேளை, முழுக்க அறவில்லை, பாதிதான். உள்ளே கசிந்த ரத்தம்தான் கீழே இறங்கி வருகிறது. கல்லடி என்றால் பட்ட இடத்தில் தோல் சொல்லும். என் தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"எண்ணெய் போட்டுத் தேச்சீங்களா?"

நாத்தனார் சுவரைப் பார்த்தார்.

"தேச்சிருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரம் சேத்துப் படுத்திருங்க" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது தார்ப்பாயில் படுத்தபடி யோசித்தேன். அந்தக் காட்சியை மனதுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். அவள் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. தோளுக்குப் பக்கத்தில் இருந்தவள் பின்னாலிருந்து எப்படி எறிவாள்? அவள் இரண்டு கையும் என் ஓரக்கண்ணில் தெரிந்துகொண்டேதான் இருந்தன. இது எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. தெரியாதது போல் வைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாத்தனாரும் சொல்லவில்லை. தெருவுக்கெல்லாம் காட்டிவிட்டு இப்போது இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நான்கு நாள் இருவரும் ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பேக்கிங்காரியே வந்துவிட்டாள். வாசலில் செருப்பை விடும் சத்தம் கேட்டு நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, "அவ வந்துக்கறா!" என்று மூச்சுக்குள் சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் மறைந்தார்.

அவள் உள்ளே வந்து நின்றாள். நான் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன். சண்டை போட வந்தவளுக்கு முகம் கொடுக்கவும் முடியாத நிலைமை. அவளே குனிந்து என் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"யக்கா, எங்க வூட்டுக்காரரு போவ வேணான்னுதான் சொன்னாரு. நா கேட்டுட்டே போவணும்னு வந்தேன். எம் மூஞ்சியப் பாத்து சொல்லு. நா அடிச்சேனா?"

"இல்ல" என்றேன்.

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பாள் போல. வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"டாக்டரு சொல்லிட்டாரு. தசைதான் கிழிஞ்சிது. ஓடறப்போ யாரோ அடிச்ச மாதிரிதான் இருக்குமாம். தப்பு எம்மேலதான். நாலு நாளாத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். "அதான பாத்தேன்! நா அடிச்சிருந்தா நீ அங்கயே எந்திரிச்சிருக்க மாட்டியே!" சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அது முழுக்கச் சிரிப்பாக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. பத்து நாள் அவள் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். வேனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "ஜன்னல் சீட்டு முழுசா எனக்குத்தான். ஆனா பக்கத்துல ஒரு ஆளு இல்லாம ஜன்னல் சீட்டு இன்னாத்துக்கு?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குப்புறப் படுத்து அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அவள்தான் தலையைத் தூக்கித் துடைத்துவிட்டாள்.

"நாளைக்கே ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்துடறேன்" என்றேன்.

அவள் எதையோ யோசித்தாள். "ஹாட் பாக்ஸு வந்துருமில்ல?"

"வந்துரும்."

"அப்ப ஆபீஸுக்கு மட்டும் எழுது. பேக்கிங்ல யாருக்கும் சொல்லாத."

"ஏன்டி?"

"கல்லால அடிச்சவன்னு பேரு வந்ததுலேந்து எங்க சூப்பர்வைசரு எங்கிட்ட கொரல ஒசத்தறதே இல்ல. முந்தி வாடி போடின்னுவான். இப்ப வாங்கம்மா, பொறுமையா செய்ங்கம்மாங்கறான். மொத வாரம் கஷ்டமா இருந்துச்சு. இப்ப பாக்கறப்போ, இது கெடக்கட்டும்னு தோணுது."

நாத்தனார் சமையல்கட்டிலிருந்து காபியோடு வெளியே வந்தார். மூன்று பேரும் குடித்தோம், நான் மட்டும் ஸ்ட்ரா வைத்து.

மறுநாள் என் வீட்டுக்காரர் கையில் கடிதம் கொடுத்து அனுப்பினேன். கல் யாராலும் எறியப்படவில்லை, தசை தானாகக் கிழிந்தது, டாக்டர் சீட்டு இணைப்பு என்று எழுதினேன். மனிதவள அதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப அந்தக் கல்லை என்ன செய்யறது?" என்று கேட்டாராம். எங்கள் பிரிவு லேபிள் ஒட்டிய எதையும் மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது கம்பெனி விதி. இன்றைக்கும் மாதிரி அறையில் இருபது மில்லி மூடிகளுக்குப் பக்கத்தில் அது இருக்கிறது. ஆடிட்டர் வந்தால் அந்த அலமாரிக்கு முன்னால் எங்களில் ஒருவர் நின்றுகொள்வார்.

அவள் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. ஹாட் பாக்ஸ் கொடுத்ததும் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஆனால் ஒருவரும் நம்பவில்லை. "தசை தானா கிழியுமா? வூட்டுக்கே போயி மெரட்டிருக்கா. இவ பயந்துக்கினு வாபஸ் வாங்கிட்டா" என்று முடிவு செய்துவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல அவள் பெயர் இன்னும் பயங்கரமானது. சூப்பர்வைசர் அவளுக்கு நாற்காலி போட்டுக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

கால் சரியாக மூன்று மாதம் பிடித்தது. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண், மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் மேலே தூக்கச் சொன்னாள். காலையில் பத்து, மாலையில் பத்து. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார். லோடு இறக்குகிற பழக்கம், ஒவ்வொன்றுக்கும் "ஏத்து... எறக்கு" என்பார். ஒரு நாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் இதைக் கேட்டுவிட்டு உள்ளே வராமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் வேனில் ஏறினேன். ஜன்னல் சீட்டில் அவள் இருந்தாள். எழுந்து எனக்குக் கொடுப்பாள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கொடுக்கவில்லை. பக்கத்து சீட்டில் ஒரு காற்றுத் தலையணையை வைத்திருந்தாள், நடுவில் ஓட்டையோடு, மூலக்காரர்கள் உட்காருகிற மாதிரி. "ஒக்காருக்கா, வலிக்காது" என்று வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எனக்கு மூலம் என்று இப்போது பாதிக் கம்பெனி நம்புகிறது.

சாயங்காலங்களில் வேன் இறங்கியதும் அவளும் என் ஸ்டாப்பிலேயே இறங்கி, ஏரிக்கரை வழியாக அவள் ஊர் வரைக்கும் என்னோடு நடப்பாள். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். திரும்பி வர என் வீட்டுக்காரர் வண்டி எடுத்துவருவார். இப்போது நடப்பதற்கு வைத்தியம் காரணமில்லை, ஆனாலும் நடக்கிறோம். பேச நிறைய இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. நான் விழாமல் இருந்திருந்தால் நான்தான் முதலில் வந்திருப்பேன் என்கிறேன். கடைசி இருபது மீட்டருக்காகத்தான் காலை அடக்கி வைத்திருந்ததாக அவள் சொல்கிறாள். நேற்றுகூட இதில் சண்டை வந்து, கரையின் பாதியில் அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள். நான் பின்னால் கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். முப்பது அடி. வலிக்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, இடுப்பில் கை வைத்து நின்று கத்தினாள்.

"மொதல்ல காலை நீட்டி மடக்குக்கா!"